வடிகாலை அடைக்காமல் சாலை போடுங்கள்: நான்கு வழிச்சாலை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நான்கு வழிச்சாலைப் பணியைப் பார்க்கும் பொறியாளர்களுக்கும், நில எடுப்பு அலுவலர்களுக்கும், மாவட்ட நிர்வாகத்துக்கும் வணக்கம்.

போன வாரம் பெய்தது புயல் மழை இல்லை. ஐப்பசியில் விட்டுவிட்டுப் பெய்யும் வழக்கமான மழைதான். வானம் வெளுத்து, வெயிலும் அடித்துவிட்டது. ஆனால் புதுச்சாலைக்கு மேற்கே இருக்கும் எங்கள் சம்பா வயல்களில் தண்ணீர் இன்னும் நிற்கிறது. நட்டு இருபது நாள் ஆன பயிர். நுனி மட்டும் வெளியே தெரிகிறது, அதுவும் மஞ்சளாகிவிட்டது. இந்த நிலைமை உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஊராட்சி மூலமாக மனு வந்திருக்கிறது, விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் பேசியிருக்கிறோம், உங்கள் பொறியாளர் ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டும் போனார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை என்பதால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பழைய சாலையில் பேருந்துக்கும் மணல் லாரிக்கும் நடுவே உயிரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் நாங்கள்தான். பிரசவத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு அந்தக் குண்டிலும் குழியிலும் போனவர்களும் நாங்கள்தான். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. சாலை குறுக்கிடும் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும், அதன் பழைய அகலத்தில், அதன் அடித்தரை மட்டத்திலேயே பாலம் கட்டுங்கள்.

எங்கள் மண் காவிரி டெல்டாவின் கடைமடை, அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். இங்கே தண்ணீர் மேற்கேயிருந்து கிழக்கே போகும். தெற்கு ராஜன் வாய்க்கால், மண்ணியாறு, கழுமலையாறு, மஞ்சளாறு, மகிமலையாறு, வீரசோழன், நண்டலாறு என்று எதை எடுத்தாலும் கிழக்கே கடலைப் பார்த்துத்தான் ஓட்டம். நீங்கள் போடும் சாலையோ வடக்கே தெற்கே போகிறது. அதனால் கடைமடையில் ஓடும் அத்தனை தண்ணீரும் இந்தச் சாலையைக் கடந்துதான் கடலுக்குப் போயாக வேண்டும். பெயருள்ள ஆறுகளுக்கெல்லாம் நல்ல பாலங்களே கட்டியிருக்கிறீர்கள். ஆனால் வயலில் நிற்கும் மழைத் தண்ணீரை எடுத்துப் போவது ஆறு இல்லை. பெயர்கூட இல்லாத சின்ன வடிகாலும் கன்னி வாய்க்காலும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. வரைபடத்தில் அவற்றில் பாதி கிடையாது. ஆனால் அவை இல்லாவிட்டால் இங்கே நெல் இல்லை.

மேல்மடைக்காரர்களுக்குத் தண்ணீர் வருமா என்ற கவலை. எங்களுக்கு இரண்டு கவலை: ஆடி, ஆவணியில் தண்ணீர் வந்து சேருமா, ஐப்பசி, கார்த்திகையில் அது வடியுமா. மேட்டூரை ஜூன் 12 அன்று திறந்தாலும் எங்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதற்குள் வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிடும். நிலம் கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் கிடக்கிறது, வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, விரல்கடை அளவுதான். அந்த விரல்கடை வாட்டத்தை நம்பித்தான் பரம்பரை பரம்பரையாக வடிகால் வெட்டி, வருடா வருடம் தூர் எடுத்து வைத்திருக்கிறோம். அதன் குறுக்கே ஆளுயரத்துக்கு மேல் மண் கொட்டிக் கரை போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

எங்கள் ஊரில் நடந்ததையே சொல்கிறேன். சாலை வருவதற்கு முன் மேற்கு வயல்களிலிருந்து மூன்று வடிகால்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. இப்போது மூன்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் ஒரு குழாய் புதைத்திருக்கிறீர்கள். மற்ற இரண்டும் மண்ணுக்கு அடியில் போய்விட்டன. மிச்சமிருக்கும் அந்த ஒரு குழாயாவது சரியாக இருக்கிறதா என்றால், அதன் வாய் வடிகாலின் தரையிலிருந்து ஒரு முழம், அதாவது ஒன்றரை அடி, மேலே இருக்கிறது. அந்த இடத்தில் வடிகாலின் ஆழமே ஓர் அடிதான். அப்படியென்றால் குழாயின் வாய் வயல் மட்டத்தைவிட அரை அடி உயரம். வயலில் அரை அடி தண்ணீர் நின்ற பிறகுதான் முதல் சொட்டு அந்தக் குழாய்க்குள் போகும். மழை விட்ட பிறகும் அந்த அரை அடி அங்கேயேதான் நிற்கும். போதாததற்கு, வேலை நடந்தபோது சரிந்த சவுடு மண் குழாயின் பாதி வாயை அடைத்துக் கிடக்கிறது. ஊர்ப் பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மண்வெட்டியால் முடிந்த அளவு அள்ளிப் போட்டார்கள். ஆனால் குழாயைக் கீழே இறக்க மண்வெட்டியால் முடியாது, அதற்கு நீங்கள்தான் வர வேண்டும்.

இதைக் கட்டியவருக்கு மட்டம் பார்க்கத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. சாலையின் மட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கும் கருவிகள் உங்களிடம் இருக்கின்றன. வெள்ளத்தில் சாலை நனையக் கூடாது என்று, அந்தப் பகுதியின் உச்ச வெள்ள மட்டத்தை விசாரித்து அதற்கு மேலேதான் சாலையின் உயரத்தை வைக்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடமே வந்து, எந்த வருடம் எதுவரை தண்ணீர் வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனீர்கள். சாலையைக் காப்பாற்ற அவர்களிடம் கேட்டவர்கள், வடிகால் எங்கே ஓடுகிறது, எவ்வளவு ஆழம் என்பதையும் அதே திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கலாமே. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

சாலைக்குக் கிழக்கே இருப்பவர்கள் தப்பித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. முன்பு மூன்று வழியாகப் பரவிப் போன தண்ணீர், பெரிய மழையில் இப்போது ஒரே குழாய் வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வந்து விழுகிறது. குழாய்க்கு நேர் கிழக்கே இருக்கும் வயலில் வரப்பும் போய்விட்டது, நாற்றும் போய்விட்டது. அதைவிடக் கொடுமை, ஊர் இரண்டாகிவிட்டது. மேற்கே உள்ளவர்கள் சர்வீஸ் ரோட்டை வெட்டித் தண்ணீரை விடலாம் என்கிறார்கள். வெட்டினால் எங்கள் பயிர் போகும் என்று கிழக்கே உள்ளவர்கள் இராத்திரி காவல் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மாமன் மச்சான்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். கோவிந்தா போட்டு ஒன்றாகத் தேர் இழுத்தவர்கள் இன்று மண்வெட்டியோடு முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு குழாயைத் தப்பான மட்டத்தில் வைத்ததற்கு இவர்கள் எதற்காக அடித்துக்கொள்ள வேண்டும்?

பயிர் போனால் இழப்பீடு இருக்கிறதே, காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். பயிர்க் காப்பீட்டில் நெல்லுக்கு விளைச்சல் கணக்கு வருவாய்க் கிராம அளவில்தான். ஏதோ சில வயல்களில் அறுத்துப் பார்த்து, கிராமம் முழுவதற்கும் சராசரி போடுகிறார்கள். மேடான பக்கம் நன்றாக விளைந்திருந்தால், சாலையோரம் மொத்தமாக அழுகிப் போனவனுக்கு அந்தக் கணக்கில் கைக்கு ஒன்றும் வராது. பேரிடர் நிவாரணத்துக்கு 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று எழுத வேண்டும், அதையும் முதலில் அரசு பேரிடர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரண ஐப்பசி மழையைப் பேரிடர் என்று யார் எழுதுவார்கள்? வேளாண்மைத் துறையினர் வெள்ளம் தாங்கும் சிஆர் 1009 சப்-1 ரகத்தைப் போடச் சொல்கிறார்கள். நல்ல ரகம்தான், பலர் போட்டிருக்கிறோம். ஆனால் அது இரண்டு வாரம் போல மூழ்கியிருந்து, தண்ணீர் வடிந்த பிறகு எழுந்திருக்கும் ரகம். வடியாமலே நின்றால் எந்த ரகமும் எழுந்திருக்காது.

சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்குப் பணம் கொடுத்தீர்கள். அதில் உள்ள தகராறுகளைப் பற்றி இங்கே பேசவில்லை. 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் 3ஜி பிரிவு இருக்கிறது. எடுக்கும் நிலத்தால் மிச்ச நிலம் துண்டாகிப் போனாலோ, அவருடைய வேறு சொத்துக்கோ வருமானத்துக்கோ கெடுதல் வந்தாலோ, அந்த நட்டத்தையும் சேர்த்துத்தான் தொகை முடிவு செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் பக்கம் எத்தனை பேருக்கு அப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். ஒரே வயல் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு மா, அந்தப் பக்கம் இரண்டு மா என்று ஆனவர்கள் இருக்கிறார்கள். அறுவடை இயந்திரத்தை அந்தப் பக்கம் கொண்டுபோக, சுரங்கப்பாதை இருக்கும் இடம்வரை சுற்றிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். மணிக்கு இவ்வளவு என்று ஓடும் வாடகை, சுற்றும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் ஓடுகிறது. சரி, அவர்களுக்காவது சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒரு சென்ட் நிலம்கூட எடுக்கப்படாமல், சாலைக்கு மேற்கே இருந்த ஒரே காரணத்தால் பயிரைத் தண்ணீரில் விட்டவன் எந்தக் கதவைத் தட்டுவான்? ஆட்சேபனை சொல்ல 21 நாள் கொடுத்தோமே என்பீர்கள். அந்த அறிவிப்பில் இருந்தது சர்வே எண்ணும் பரப்பும்தான். கரை எவ்வளவு உயரம், வடிகாலுக்கு எந்த மட்டத்தில் குழாய் என்று அதில் எங்கே இருந்தது? தெரியாத விஷயத்துக்கு எப்படி ஆட்சேபனை எழுதுவது?

சட்டங்களைப் பேச ஆரம்பித்தால் மனம் கசக்கிறது. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் பத்தாவது பிரிவு, பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்கிறது. அதே பிரிவு, ரயில் பாதை, நெடுஞ்சாலை, மின்பாதை மாதிரி நீளமாகப் போகும் திட்டங்களுக்கு இது பொருந்தாது என்றும் சொல்கிறது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தபோது ஊரெல்லாம் வெடி வெடித்தோம். அதிலும் சாலை, துறைமுகம், குழாய்ப் பாதை, மின்சாரம் போன்ற கட்டமைப்புகளுக்கு விலக்கு உண்டு. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, பச்சைப் பயிருக்குள் பொக்லைனை இறக்கியதை நாடே பார்த்தது. இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அறுத்திருப்பார்கள். விளைநிலத்தைக் காக்கும் சட்டம் எதை எடுத்தாலும், யாரிடமிருந்து காக்க வேண்டுமோ அவர்களுக்கு மட்டும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. இதெல்லாம் உங்கள் அலுவலகத்தில் தீர்க்கும் விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். வயிற்றெரிச்சலில் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் குழாயின் மட்டம் உங்கள் அலுவலகத்தில் தீர்க்கும் விஷயம்தான். அதற்குச் சட்டம் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். நூறு வருடத்துக்கு மேல் அங்கே பதிவாகாத மழை. அப்படிப்பட்ட மழையில் எந்த ஊரும் மூழ்கும், அதற்குச் சாலைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மாதிரி மழை திரும்ப வந்தால், ஆளுயரக் கரைக்கு மேற்கே இருக்கும் தெருக்களும் பள்ளிக்கூடமும் எத்தனை நாள் தண்ணீரில் நிற்கும் என்பதுதான் என் பயம். வயலோடு போனது வீட்டுக்குள்ளும் வரும்.

அதனால் கைகூப்பிக் கேட்கிறேன். இப்போதைக்கு, நிற்கும் தண்ணீரை வடிக்க மோட்டார் வைத்துக் கொடுங்கள், குழாயை அடைத்திருக்கும் மண்ணை இயந்திரம் வைத்து எடுத்துவிடுங்கள். இருக்கும் பயிரில் பாதியாவது தேறும். அப்புறம், தை அறுப்பு முடிந்து நிலம் காய்ந்ததும், நீர்வளத் துறைக்காரர்களையும் எங்கள் ஊர்களின் நீர்ப்பாசனப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு சாலை நெடுக நடந்து வாருங்கள். எங்கே வாய்க்கால் ஓடியது, எங்கே வடிகால் ஓடியது, எது எவ்வளவு அகலம் என்று அவர்கள் கால் வைத்தே காட்டுவார்கள். புதைந்து போனவற்றைத் திறந்து, அடுத்த மேட்டூர்த் தண்ணீர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் ஒவ்வொன்றுக்கும் அதன் பழைய அகலத்தில், அதன் அடித்தரை மட்டத்திலேயே பாலம் கட்டிக் கொடுங்கள். கட்டப்போகும் மட்டத்தை எழுதிய படத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். தப்பு இருந்தால் கான்கிரீட் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவோம்.

வேலை நடக்கும் நாட்களில் எங்கள் வயல் வழியாக வண்டி விட வேண்டுமென்றாலும் அறுப்பு முடிந்த பிறகு தாராளமாக விட்டுக்கொள்ளுங்கள், யாரும் மறிக்க மாட்டோம். ஒருநாள் வாருங்கள், வரும் தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சாலைக்கு மேற்கே பயிர் வைத்திருக்கும்
கடைமடை விவசாயி