சிவப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தேர்வு நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்கு முதுகுவலிதான் போவதும் வருவதுமாக இருக்கிறது. நாற்காலியை மாற்றச் சொல்கிறார் மருத்துவர். கணினியை மூடச் சொல்லாதவரை அவர் நல்ல மனிதர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஆடும் கணினி வியூக ஆட்டம், ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் மூன்றாம் பாகம், வெளிவந்தது 1999இல். இத்தனை வருஷம் கழித்தும் அதில் எங்கே இடிக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதுகிறாய் பார், அதற்காகவே உனக்குப் பதில் போடலாம். இரண்டு பேரும் ஓர் அணியாகச் சேர்ந்தும், எதிரியாக ஆடும் கம்ப்யூட்டர் நம் வீட்டு வாசலுக்கு வரும்போது இருவர் கையிலும் அரைகுறைப் படைதான் இருக்கிறது என்கிறாய். உண்மைதான். ஆனால் நீ சண்டைக் களத்தில் காரணம் தேடுகிறாய். எனக்கென்னவோ அது முதல் ஏழு நாளில் இருப்பதாகப் படுகிறது.

நம் வழக்கம் ஆளுக்குப் பாதி. ஆளுக்கொரு மரக்கிடங்கு, ஆளுக்கொரு கல்குவாரி, நீ ஒரு பெட்டி திறந்தால் நான் ஒரு பெட்டி. கேட்க நியாயமாக இருக்கிறது. பலனோ, இரண்டு பாதி வீரர்கள்; ஒரு முழு வீரன் இல்லை. ஒருவன் வளரட்டும், மற்றவன் ஊட்டட்டும் என்பதுதான் என் யோசனை. இதில் யார் ஊட்டுவது என்பதை ஆட்டமே ஒருவிதத்தில் சொல்லிவிடுகிறது, அதைத்தான் நாம் கவனிக்கவில்லை.

யார் முதலில் ஆடுவது என்கிற டர்ன் வரிசை ஆட்டக்காரரின் நிறப்படி போகிறது அல்லவா? சிவப்பு முதலில், அடுத்து நீலம். சிவப்பு என்றால் தலைவன் என்று நினைத்து நீ எப்போதும் அதைப் பிடித்துக்கொள்கிறாய். யோசித்துப் பார்: மேப்பில் இன்னும் பார்க்காத இடத்தை மூடியிருக்கும் இருட்டு, ஓர் அணியில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத்தான் விலகுகிறது. சிவப்பு தன் ஹீரோவை, அதாவது படையை நடத்திப் போகும் தலைவனை, ஓட்டித் திறந்த நிலம், அதே நாளில் நீலத்தின் கண்ணுக்கும் தெரியும். சிவப்பு அனுப்பும் மரமும் கல்லும் அதே நாளில் நீலத்தின் கைக்குப் போய், அன்றைக்கே கட்டடமாகிவிடும். நீலம் சிவப்புக்குக் கொடுத்தாலோ மறுநாள்தான் அதைத் தொட முடியும். ஒரு நகரத்தில் ஒரு நாளைக்கு ஒரு கட்டடம்தான் என்கிற ஆட்டத்தில், ஒரு நாள் பிந்துவது சின்ன விஷயமா? அதனால் கொடுக்கிறவன் முன்னால் ஆட வேண்டும், வாங்குகிறவன் பின்னால் ஆட வேண்டும். சிவப்பு தலைவன் இல்லை, ஒற்றனும் சமையற்காரனும்.

ஒன்றைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாம் ஆடும் எக்ஸ்பர்ட் நிலையில் ஆளுக்கு 10000 தங்கம், மரம் 10, கல் 10. கோட்டைச் சுவர் முன்பே கட்டப்பட்டிருக்கும் மேப் என்று வைத்துக்கொள். அதற்கு அடுத்த கட்டத்துக்கு 5 கல் வேண்டும். கடைசிக் கட்டத்துக்கு மரம் 10, கல் 10. ஆக நீலத்துக்குக் கல் இடிக்கும். மரமும் இதிலேயே தீர்ந்தால் வேறு கட்டடத்துக்குக் கை ஏந்த வேண்டியதுதான். வெளியே வாங்கலாம் என்றால் பகல் கொள்ளை: ஒரே ஒரு மார்க்கெட் வைத்திருப்பவனுக்கு ஒரு மரத்தின் விலை 2500 தங்கம். விடுதியில் படையோடு ஒரு புது ஹீரோவே அந்த விலைக்குக் கிடைக்கிறான்! விற்கப் போனால் அதே மரத்துக்கு 25. ஆனால் கூட்டாளிக்கு அனுப்பும்போது கழிவு ஒன்றும் இல்லை, பத்து அனுப்பினால் பத்தும் போய்ச் சேரும். அனுப்பும் சிவப்பு மார்க்கெட் கட்டியாக வேண்டும், 500 தங்கமும் 5 மரமும் ஆகும். அதுவும் வீண் செலவில்லை, நகர மன்றத்தைப் பெரிதாக்க எப்படியும் அது வேண்டும்.

ஏன் ஏழாம் நாளுக்குள் என்று அவசரப்படுகிறேன் என்றால், எட்டாம் நாள் காலையில் புது வாரம் பிறக்கிறது, படை பெருகுகிறது. அதற்குள் கோட்டை முழுதாக முடிந்திருந்தால் பெருக்கம் இரட்டிப்பு. உன் நகரத்தின் பறக்கும் மிருகமான கிரிஃபின் 7 வர வேண்டிய இடத்தில் 14. ஒரு நாள் தவறினால் அடுத்த வாரம்வரை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சுரங்கங்களிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். கூட்டாளி கொடி நட்டதை நாம் எடுத்துக்கொள்ள முடியாது, அதனால் யார் முதலில் மிதிக்கிறோம் என்பதைப் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். தங்கச் சுரங்கம் தினமும் 1000 தரும். அது யார் எல்லையில் இருந்தாலும் நீலத்துக்கு. மரமும் கல்லும் தினமும் 2 தரும் இடங்கள் சிவப்புக்குப் போகட்டும், எப்படியும் நீலத்திடம்தான் வரப்போகிறது. பெட்டி திறந்தால் தங்கமா அனுபவமா என்று கேட்கும்; நீலத்தின் முக்கிய ஹீரோ அனுபவத்தை எடுக்கட்டும், மற்றவர்கள் எல்லாரும் தங்கம்.

காவல் நிற்கும் கூட்டங்களைப் பற்றி: சுட்டிக்காட்டினால் ஆட்டம் எண்ணிக்கையைச் சொல்லாது, ஒரு சொல்லைத்தான் காட்டும், அதே சொல் 20 பேருக்கும் வரும், 49 பேருக்கும் வரும். மிதமான எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடு, ஆனால் தள்ளிப்போடாதே. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அவர்களும் பெருகுகிறார்கள். மோதும்போது ஈட்டிக்காரர்களில் ஒருவனைத் தனியாகப் பிரித்து ஒரு கட்டத்தில் வை. அவனை முதலில் அனுப்பி அடிக்க விடு. எதிர்க்கூட்டம் ஒரு சுற்றில் ஒரு தடவைதான் திருப்பி அடிக்கும். அந்த அடி அவன்மேல் விழும், அவன் சாவான், பாவம். அப்புறம் கிரிஃபின்கள் முழுக்கூட்டமாக இறங்கினால் பதிலடி கிடையாது. நீ மொத்தப் படையையும் ஒரே கட்டையாக வைத்துக்கொண்டு வீரம் பேசுவாய், அதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்.

இன்னொன்று, இது நச்சரிப்பு மாதிரி இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். படையில் இருக்கும் மிக மெதுவான ஆளின் வேகத்தில்தான் ஹீரோவின் மறுநாள் நடை கணக்காகிறது. நாள் முடியும்முன் மெதுவானவர்களைப் பக்கத்து ஹீரோவிடம் இறக்கிவிடு, காலையில் திரும்ப வாங்கிக்கொள்.

உனக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் இருக்கும் என்று தெரியும். ஒருவன் மட்டும் சண்டை போட, மற்றவன் மூட்டை தூக்குவது என்ன ஆட்டம் என்பாய். மூட்டை தூக்குவதில் எனக்கு ஒரு ருசி இருக்கிறது; இருட்டைத் திறந்துகொண்டு போவதுதான் எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்த பகுதியே. ஆகையால் சிவப்பை எனக்கு விட்டுவிடு, கிரிஃபின்களை நீ வைத்துக்கொள். நான் ராம்பார்ட் வகை நகரத்தை எடுத்துக்கொள்கிறேன்; அங்கே குளம் கட்டிவிட்டால் வாராவாரம் ஏதாவது அரிய பொருள் கிடைக்கும், அதையும் உனக்கே தள்ளுகிறேன்.

சனிக்கிழமை இரவு உனக்குத் தோதுப்படுமா? மேப் பெரிதாக வேண்டாம், 72க்கு 72 போதும், நடுராத்திரிக்குள் இரண்டாம் வாரத்தைப் பார்த்துவிடலாம். உன் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல். வேறு நேரம் என்றால் முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி