அடுக்குமாடியில் குடியிருப்பவர் பழைய காரை எங்கே வைத்துப் பிரிப்பார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் செம்பவாங்கில் உள்ள எங்கள் தரைவீட்டின் முன்கூரைக்குக் கீழே ஒன்பது ஆண்டுகள் அசையாமல் கிடந்த என் தந்தையாரின் 1961ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் காரை, நான்கு ஆண்டு வேலைக்குப் பின் 2023இல் மீண்டும் சாலைக்குக் கொண்டுவந்தேன். அதை நிறுத்தி வைக்கும் இடங்களில் சுற்றி நின்று பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் என்பது. அடுத்துக் கேட்பது, நாங்களும் இப்படி ஒரு காரைச் சீர்படுத்த முடியுமா என்பது. முதல் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதற்கு விடை சொல்வதற்கு முன், நீங்கள் எந்த மாதிரியான வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இக்கடிதத்தை எழுதத் தூண்டியது அந்தத் திருப்பிக் கேட்கும் கேள்விதான்.

என் தந்தையார் இங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துப் பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் படைகளில் பெரும்பகுதி 1971இல் வெளியேறுவதற்கு ஓராண்டு முன்பு, ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அதிகாரியிடம் இந்தக் காரை வாங்கினார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மோரிஸ் மைனர், பிரிட்டனில் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார். அக்காலத்தில் இங்கும் ஆசிரியர்களும் தாதியரும் எழுத்தர்களும் விரும்பி வாங்கிய வண்டி. 2010இல் தந்தையார் நோய்வாய்ப்பட்டபின் அதைத் தொட்டவர் இல்லை. ஆனால் சாலை வரியையும் காப்புறுதியையும் ஆண்டு தவறாமல் கட்டினோம். ஏனெனில் நம் நாட்டில் வரி கட்டாத வாகனத்தை ஓட்டாமல் வைத்திருப்பதும் குற்றமே. 35 வயது நிரம்பிய கார்களுக்கான திட்டத்தில் பதிவு செய்திருந்ததால் வரி ஆண்டுக்கு 310 சிங்கப்பூர் வெள்ளியோடு நின்றது. அத்திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம் என்பது பலருக்குக் குறையாகத் தோன்றும். ஓடாத காருக்கு அந்த 45 நாளும் மிகைதான்.

குளிர்நாடுகளைப்போல் இங்கே சாலையில் உப்புத் தூவுவதில்லை, ஆகவே துரு அதிகம் இருக்காது என்று எண்ணியிருந்தேன். தரைவிரிப்பைத் தூக்கியபோது அந்த எண்ணம் அகன்றது. முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் வெடித்து, சாய்ந்தடிக்கும் மழை ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கி, விரிப்பின் அடியில் இருந்த தடித்த துணி அந்த ஈரத்தைக் காயவிடாமல் பிடித்து வைத்திருந்தது. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் தகட்டுக்குப் பதிலாக வீட்டின் சிமெண்டுத் தரை தெரிந்தது. இந்தக் காருக்குத் தனியாக ஓர் அடிச்சட்டம் கிடையாது. உடலே சட்டமாகவும் நின்று பாரம் சுமக்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும், பின்சக்கரத்து வில்தகடுகள் மாட்டப்படும் இடமும் அரித்துப்போனால் அதை அழகுக்குறை என்று விட்டுவிட முடியாது, அது உயிராபத்து. எனவே வெட்டி ஒட்டும் வேலையை மட்டும் சின் மிங் வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் கொடுத்துச் செய்தேன். வீட்டு வாசலில் வெல்டிங் செய்யும் துணிவு எனக்கு இல்லை. அண்டை வீட்டாருக்கு அதைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் இருந்திருக்காது.

மற்ற வேலைகளை வீட்டிலேயே செய்தேன். இயந்திரம் இறுகிப்போயிருந்தது. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மூன்று வாரம் பொறுத்திருந்து, முன்புறம் கைப்பிடியைச் செருகி மெல்ல ஆட்டிப் பார்த்தபோது ஒரு விரற்கடை அசைந்தது. அன்று அதற்குமேல் நான் எதையும் தொடவில்லை. அவசரப்பட்டு வேறொரு வண்டியால் இழுத்துச் சுழல வைத்திருந்தால் பிஸ்டன் வளையங்கள் முறிந்திருக்கும். அதன்பின் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும் பிரேக் சிலிண்டரை மாற்றினேன். முன்சக்கரம் திரும்பும் மூட்டின் அடியில் உள்ள மரைகளை ஆராய்ந்தேன். அந்த மரைகளுக்கு 1,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். மறந்தால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் காரின் அடியில் மடங்கிவிடும். அப்பா மாதந்தோறும் காலையில் கிரீஸ் துப்பாக்கியுடன் தரையில் படுத்திருந்ததன் பொருள் எனக்கு அறுபது வயதுக்குமேல்தான் விளங்கியது. கதவுகளுக்குப் பின்னால் கைபோல் வெளியே நீளும் திசைகாட்டியை, 1961இலேயே உற்பத்தியாளர்கள் கைவிட்டுவிட்டாலும், நான் கைவிடவில்லை; அது இப்போதும் எழுந்து நிற்கிறது, பாதுகாப்புக்காகக் கண்சிமிட்டும் விளக்குகளையும் சேர்த்திருக்கிறேன்.

இந்தக் கார்களின் அறிவு நூலில் இருப்பதைவிடக் கைகளில்தான் அதிகம் இருக்கிறது. அப்பா காலத்தில் மெக்கானிக்கைப் 'போர்மன்' என்றுதான் அழைப்போம். அப்படி அழைக்கப்பட்டவர்களில் இன்று கருவியைத் தொடுபவர்கள் மிகச் சிலரே. பட்டறை ஒன்றில் இளம் ஊழியர் ஒருவர் பேட்டரியை இக்காலக் கார்களில் இருப்பதுபோல் எதிர்முனையை உடலோடு சேர்த்து மாட்டிவிட்டார். மோரிஸில் உடலோடு சேர்வது நேர்முனை. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியின் தொடுமுனைகள் கருகிவிட்டன. அவரைக் குறை சொல்வது நியாயமில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அங்குலக் கணக்கு ஸ்பேனர்களைக்கூட நான் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில்தான் சேர்த்து வைத்திருந்தேன். 2017 ஜூலை 10ஆம் தேதி அந்தச் சந்தையும் மூடப்பட்டது.

வேலையின் இரண்டாம் ஆண்டிலிருந்து யீஷூனில் இருந்து ஓர் இளைஞர் சனிக்கிழமைதோறும் பேருந்தில் வந்து எனக்கு உதவினார். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் வாகனத் தொழில்நுட்பம் படித்தவர். முதல் நாள், "அங்கிள், இதுல கம்ப்யூட்டர் எங்க மாட்டணும்?" என்று கேட்டுவிட்டுத் தாமே சிரித்தார். ஆறே மாதத்தில், வால்வு இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்குக்கு, அளவுத்தகடு உரசும் உணர்வை வைத்தே, என்னைவிடச் செம்மையாக அமைக்கப் பழகிவிட்டார். இப்போது அவருடைய மாமாவின் பழைய ஜப்பானியக் கார் அவர் பொறுப்பில் வந்திருக்கிறது. வயது 35ஐத் தாண்டியது, திட்டத்தில் பதிவானது, வரி கட்டப்பட்டது. சட்டப்படி ஒரு குறையும் இல்லை. அது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடிக் கார் நிறுத்துமிடம் ஒன்றில் மாதம் 110 வெள்ளி கட்டணத்தில் நிற்கிறது. அங்கே சக்கரம் மாற்றலாம், பழுதான வண்டியை நகர்த்துவதற்கு வேண்டியதைச் செய்யலாம். அதற்குமேல் பழுதுபார்ப்பு வேலை கூடாது. அந்த விதி சரியான விதி என்றே நானும் கருதுகிறேன்: பக்கத்தில் நிற்கும் குடும்பக் காரின்மீது எண்ணெய் தெறித்தால் யார் பொறுப்பேற்பது? ஆனால் அந்த விதியை ஏற்றுக்கொண்டபின் அந்தத் தம்பிக்கு எஞ்சும் வழிகள், தரைவீட்டில் குடியிருக்கும் ஒருவரின் தயவும், மணிக்கணக்கில் கூலி வாங்கும் பட்டறையும், காரை எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூருக்குக் கொண்டுபோவதும்தான். கடைசி வழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: எல்லையைக் கடக்கும் நம் கார்களில் முக்கால் தொட்டிக்குக் குறையாமல் பெட்ரோல் இருக்க வேண்டும், பழைய கார்களில் முதலில் பழுதாவது பெட்ரோல் அளவு காட்டும் முள்தான்.

இந்நாட்டுக் குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ பத்தில் எண்மர் வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். பழைய காரைக் கையால் மீட்டெடுப்பது வீட்டு முன்கூரை உள்ளவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் பொழுதுபோக்காக இருந்துவிட்டால், அது வசதி படைத்தோரின் பொம்மை என்ற ஏளனம் உண்மையாகிவிடும். கார்களோடு நமக்கு உள்ள உறவு புதிதுமல்ல. அப்பர் புக்கிட் தீமாவில் 1941இல் திறக்கப்பட்ட ஃபோர்டு ஆலை, தென்கிழக்காசியாவில் அந்நிறுவனத்தின் முதல் கார் பொருத்தும் ஆலை. அக்கட்டடத்தை இன்று தேசிய நினைவுச்சின்னமாகக் காக்கிறோம். 1942இல் பிரிட்டிஷார் அங்கே சரணடைந்ததற்காகக் காக்கிறோமே தவிர, 1980 வரை அங்கே வண்டி பொருத்திய கைகளுக்காக அல்ல என்பது என் சிறு வருத்தம்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். வட்டாரத்துக்கு ஓர் இடம்கூட வேண்டாம். முதலில் நாட்டின் வடக்கே ஒன்று, கிழக்கே ஒன்று என இரண்டு பொதுப் பட்டறைகளைச் சோதனையாக அமைத்துப் பார்க்கலாம். காலியாகக் கிடந்த பலமாடிக் கார் நிறுத்துமிடங்களின் மேல்தளங்களைக் கீரையும் காய்கறியும் வளர்க்க ஏலத்தில் விட்ட அதே சிந்தனை இதற்கும் பொருந்தும். மின்விசிறியையும் சோற்றுப் பானையையும் தூக்கி எறியாமல் தாமே பழுதுபார்க்கக் கற்றுத்தரும் 'ரிப்பேர் கோப்பித்தியாம்' என்ற தொண்டூழிய முயற்சி 2014 முதல் இங்கே நடந்துவருகிறது. தொண்டூழியர்கள் அருகில் நிற்க, பொருளின் உரிமையாளரே ஸ்குரூ டிரைவரைப் பிடிப்பதுதான் அதன் முறை. அதே முறையைக் காருக்கு நீட்டினால் போதும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவை எனக்குத் தெரியாமல் இல்லை. தீ, புகை, எண்ணெய்க் கழிவு, இரவு நேரச் சத்தம் ஆகிய நான்கும் மெய்யான கவலைகள். ஆகவே அங்கே வெல்டிங்கும் வண்ணம் தெளிப்பதும் அறவே கூடாது. பெட்ரோல் தொட்டியைக் கழற்றும் வேலைக்கு உரிமம் பெற்ற பட்டறைக்குத்தான் போக வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் சுத்தியல் ஒலி கேட்கக்கூடாது. பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் தொட்ட கார் எதுவானாலும், தகுதி பெற்ற ஒருவர் சோதித்துக் கையெழுத்திட்ட பின்னரே வெளியேற வேண்டும். இவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பிறகு என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். என் காரில் நான் வீட்டில் செய்த வேலை முழுவதும், ஓரிரண்டைத் தவிர, இந்தக் கட்டுப்பாடுகளுக்குள் அடங்கியதுதான். காப்புறுதி நிறுவனங்கள் என்ன சொல்லும் என்பதை மட்டும் நான் ஊகித்துச் சொல்ல விரும்பவில்லை. நிலப் போக்குவரத்து ஆணையமும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் அவர்களோடு அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டிய செய்தி அது.

கற்றுத்தர ஆள் கிடைப்பார்களா என்ற ஐயத்துக்கு மட்டும் என்னால் இப்போதே விடை தர முடியும். அந்தத் தம்பி ஜப்பானிலிருந்து வரவழைத்த பிரேக் சிலிண்டர் ஐந்து மாதமாக அவர் படுக்கைக்கு அடியில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. அதை மாட்ட ஓர் இடத்தைக் காட்டினால், என் அங்குலக் கணக்கு ஸ்பேனர்கள் ஜப்பானியக் காருக்குப் பொருந்தாது என்றாலும், மில்லிமீட்டர் கணக்கில் ஒரு தொகுதியைப் புதிதாக வாங்கிக்கொண்டு, சனிக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு அங்கே வந்து நிற்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவர்,
செம்பவாங்