விடுப்பிலும் மாத்திரையை விடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் பணிக்குச் செல்லும் ராணுவச் செவிலியர்களைப் பற்றிப் பேசும்போது குண்டுக் காயங்களுக்குக் கிடைக்கும் இடம் மலேரியாவுக்குக் கிடைப்பதில்லை. விடுப்பு கிடைத்து வேறொரு நாட்டுக் கடற்கரைக்குப் போனதும் பலரும் கைவிடுவது மலேரியா தடுப்பு மாத்திரையான டாக்ஸிசைக்ளினைத்தான். மலேரியா பகுதியை விட்டு வந்த பிறகும் தினம் 100 மி.கி. வீதம் 4 வாரம் தொடர வேண்டும். கல்லீரலில் பதுங்கிய கிருமியை அது சரியாகத் தொடுவதில்லை; ரத்தத்தில் இறங்கிய பிறகே அடிக்கும்.

இரவுப் பணி முடிந்த களைப்பில் ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்திருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை அதனுடன் சேர்த்து விழுங்கக் கூடாது. இந்த மாத்திரை எடுக்கும்போது வெயிலில் தோல் சீக்கிரம் வெந்துவிடும், முழுக்கைச் சட்டை நல்லது.

விடுப்பில் காய்ச்சல் வந்தால், எந்தப் பகுதியில் பணியாற்றினோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஃப்ளூ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் ரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியாவிட்டால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில், மொத்தம் 3 முறை பார்க்கச் சொல்ல வேண்டும். விடுப்புச் சீட்டோடு இதையும் அச்சிட்டுக் கொடுப்பதில் படைப்பிரிவுகளுக்கு என்ன சிரமம்?

இப்படிக்கு,
படை மருத்துவப் பணி அறிந்த வாசகர்கள்