என் லீனியருக்குக் காற்று கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

8877 என்ற செராமிக் ட்யூப் (வெற்றிடக் குழாய்) போட்ட என் லீனியர் ஆம்ப்ளிஃபையர், அதாவது அமெச்சூர் ரேடியோ சிக்னலின் சக்தியைப் பெருக்கும் கருவி, வேலை செய்கிறது. முழு சக்தியில் நீண்ட நேரம் ஓட்டிப் பார்த்தாயிற்று, ட்யூப் நலம். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியதும் வெளியீட்டை ட்யூன் செய்யும் டேங்க் காயில் வளைத்ததும் என் கைவேலை. ட்யூபைக் குளிர்விக்கும் ப்ளோயரைத் தேர்ந்தெடுத்ததை மட்டும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அது உங்கள் எல்லோருடைய அறிவும் சேர்ந்து செய்தது. தனித்தனியே நன்றி சொல்லிவிட்டேன் என்றாலும் எல்லோர் முன்னிலும் சொன்னால்தான் எனக்கு நிறைவு. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் வணக்கம் பெரியவருக்கு. ஐயா, "எவ்வளவு பெரிய ப்ளோயர் வாங்கலாம்?" என்று நான் கேட்டபோது நீங்கள் ப்ளோயரைப் பற்றிப் பேசவே இல்லை. "ஆனோடில் (ட்யூபில் வெப்பம் சேரும் உலோகப் பகுதியில்) எத்தனை வாட் வெப்பம் நிற்கும், அதை எடுத்துப்போக எவ்வளவு காற்று வேண்டும், அந்தக் காற்றை ட்யூப் வழியே தள்ள எவ்வளவு அழுத்தம் வேண்டும்? இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு வா" என்றீர்கள். எழுதிக்கொண்டு வந்தேன். 8877-இன் ஆனோடு தாங்கும் வெப்பம் 1500 வாட். அந்த அளவுக்குக் கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 35 கன அடி காற்று வேண்டும். சாக்கெட், சிம்னி (காற்றை ஆனோடுக்குள் திருப்பிவிடும் வளையம்), ஆனோடுத் தகடுகள் மூன்றையும் கடந்து அது வெளியேற 0.41 அங்குல நீர் அழுத்தம், அதாவது தண்ணீரை 0.41 அங்குலம் உயர்த்தும் அழுத்தம் வேண்டும். இந்த மூன்றாம் எண்ணைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவார்கள், அதன் கீழே கோடு போட்டுக்கொள் என்றீர்கள். எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் அதுதான் தலையாயது.

வெப்பக் கணக்கையும் நீங்களே சொல்லித் தந்தீர்கள். வாட்டை 1.76-ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்ற எண்ணால் வகுத்தால், காற்று எத்தனை டிகிரி செல்சியஸ் சூடேறும் என்பது வந்துவிடும். 1500 வாட்டுக்கு 35 கன அடி என்றால் 75 டிகிரி. அறை 30 டிகிரியில் இருந்தால் மேலே வெளிவரும் காற்று 105 டிகிரி. வெளிக்காற்று கையைச் சுடுகிறதே என்று பயப்படுகிற எல்லோருக்கும் இந்தக் கணக்கைச் சொல்கிறேன். எஸ்எஸ்பி என்ற குரல் முறையில் பேசும்போது சராசரி வெப்பம் குறைவுதான். ஆனால் ஆர்டிடிஒய் (ரேடியோ டெலிடைப்) போலத் தொடர்ந்து கேரியர் (இடைவிடாத முழு சிக்னல்) போகும் முறைகளிலும், ட்யூனிங் சரியாக அமையாத நேரத்திலும், உள்ளே போகும் சக்தியில் கணிசமான பங்கு ஆனோடிலேயே நின்றுவிடும். ப்ளோயரை அந்த நேரத்தை நினைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்து, கட்டடங்களுக்குக் காற்றோட்டக் குழாய் வடிவமைக்கும் அக்காவுக்கு. ரேடியோவோடு உங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எனக்காக வரைபடம் வரைந்தீர்கள். ப்ளோயரின் மேல் எழுதியிருக்கும் அளவு, எதிரே தடையே இல்லாதபோது அது தள்ளும் காற்று. தடை கூடக் கூடக் காற்று குறையும். எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று என்பதைச் சொல்வது அதன் வளைகோடு மட்டும்தான். ட்யூபின் பக்கமும் ஒரு வளைகோடு உண்டு. காற்றை இரட்டிப்பாக்க வேண்டுமானால் அழுத்தத்தை ஏறக்குறைய நான்கு மடங்காக்க வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில்தான் ப்ளோயர் ஓடும், நாம் விரும்பும் இடத்தில் அல்ல என்று பென்சிலால் அந்தப் புள்ளியை வட்டமிட்டுக் காட்டினீர்கள்.

சாதாரண 120 மில்லிமீட்டர் அச்சு விசிறி ஏன் ஆகாது என்பதும் அன்றுதான் தெளிவாயிற்று. அவற்றில் பலவற்றின் மேல் 100 கன அடி என்று இருக்கும். 35 வேண்டிய இடத்தில் 100 இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வாயை முழுக்க அடைத்தாலும் அவை எட்டும் அழுத்தம் 0.3 அங்குலத்தைச் சுற்றியே நிற்கும். 0.41 கேட்கும் ட்யூபுக்கு முன்னால் அந்த 100 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. பெரியவர் இதையே ஒரு வரியில் சொன்னார்: விசிறி முகத்துக்கு, ஊதுகுழல் அடுப்புக்கு. அணில் கூண்டு போன்ற சக்கரம் வைத்த மையவிலக்கு ப்ளோயர்தான் இத்தகைய செராமிக் ட்யூபுக்கு ஊதுகுழல்.

அக்கா, நீங்கள் மேலும் ஒன்றைக் கவனித்தீர்கள். நான் கொண்டுவந்த வளைகோடு 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அளந்தது. அதே ஏசி மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். காற்று வேகத்தோடு நேராகக் குறையும், அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தோடு குறையும். அதாவது காற்று 83 சதவீதம், அழுத்தம் 69 சதவீதம். காகிதத்தில் போதும் போலத் தெரிந்த ஒரு ப்ளோயர் அந்த ஒரு திருத்தத்தில் விலகிப் போயிற்று. இந்த விவரம் தெரியாமல் ட்யூபைப் பலி கொடுத்தவர்கள் இருப்பார்கள். அதனால்தான் இதை விரித்து எழுதுகிறேன்.

3-500இசட் என்ற கண்ணாடி ட்யூபுகளோடு பல வருடம் பழகிய நண்பருக்கும் நன்றி. "என்னுடையது வெறும் விசிறியில் ஓடுகிறதே, உனக்கு எதற்கு இவ்வளவு பாடு?" என்று கேட்டுவிட்டு, விடையையும் நீங்களே தந்தீர்கள். கண்ணாடி ட்யூபின் ஆனோடு சிவந்து, வெப்பத்தைக் கதிர்களாகவே வெளியே வீசிவிடும். காற்று அங்கே முக்கியமாகக் காப்பது அடிப் பின்களையும் கண்ணாடியும் உலோகமும் சேரும் மூட்டுகளையும். ஹீத்கிட் எஸ்பி-220 ஆம்ப்ளிஃபையர் இரண்டு 3-500இசட் ட்யூபுகளை ஒரு விசிறியோடு ஓட்டியது அதனால்தான். 8877-இன் ஆனோடு சிவந்து காட்டாது. சூட்டை நெருக்கமான தகடுகள் வழியே காற்றிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும்.

இனி மனோமீட்டர் (காற்றழுத்தம் அளக்கும் கருவி) தந்தவருக்கு. உங்கள் கருவி என்பது ஒரு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், கொஞ்சம் நிறம் கலந்த தண்ணீர், ஒரு பலகை. 0.41 அங்குலம் என்பது 10.4 மில்லிமீட்டர். கண்ணால் அதைத் துல்லியமாகப் படிப்பது கடினம் என்பதால் குழாயின் ஒரு கையைப் பத்துக்கு ஒன்று சரிவில் சாய்த்து வைத்திருந்தீர்கள். தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தால் சரிவில் பத்து மில்லிமீட்டர் நகரும். இவ்வளவு எளிய பொருள் இவ்வளவு நம்பகமாக அளக்கும் என்பதை நேரில் பார்க்காமல் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அதைவிடப் பெரிது, நீங்கள் விளக்கிய அடிப்படை. ட்யூபும் சாக்கெட்டும் சிம்னியும் சேர்ந்ததே ஒரு காற்று மீட்டர். ட்யூபின் கீழுக்கும் மேலுக்கும் இடையே 0.41 அங்குல வேறுபாடு இருந்தால், அதற்குரிய காற்று ட்யூப் வழியே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ட்யூபுக்குக் கீழே காற்று நிறையும் சேசிஸ் பெட்டியில் எங்கேனும் கொஞ்சம் கசிந்தாலும் பரவாயில்லை. கசிவுக்கும் சேர்த்துக் காற்று கொடுத்து அந்த வேறுபாட்டைக் காக்க ப்ளோயருக்குத் தெம்பு இருந்தால் போதும். மேல் மூடியைத் திறந்து வைத்து அளந்தபோது நமக்குத் தாராளமாகவே வந்தது. மூடியை மாட்டியதும் வேறுபாடு சட்டென்று இறங்கியது. வெளியேறும் துளைகள் போதாமல் ஆனோடு அறையிலும் அழுத்தம் தேங்கியிருந்ததை நீங்கள் உடனே கண்டுபிடித்தீர்கள். மூடியை மாட்டித்தான் அளக்க வேண்டும், கீழே சேசிஸ், மேலே ஆனோடு அறை, இரண்டுக்கும் நடுவே அளக்க வேண்டும் என்ற அந்தப் பாடம் ஒரு ட்யூபின் விலை பெறும்.

அந்தத் துளைகளைப் பெரிதாக்கியவர் தகட்டு வேலைக்காரர். அண்ணே, மூடியில் அகலமாக வெட்டி, ரேடியோ அலை வெளியே கசியாதபடி துளைத் தகடு பதித்துத் தந்தீர்கள். ப்ளோயரின் வாய்க்கு முன்னால் சக்கரத்தின் விட்டம் அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்று சொன்னதும், முடித்திருந்த பின்பலகையைக் கழற்றி மறுபடி வெட்டினீர்கள், முகம் சுளிக்கவில்லை. ப்ளோயருக்கும் சேசிஸுக்கும் நடுவே வளையும் ரப்பர் கழுத்து வைத்தது உங்கள் சொந்த யோசனை. அதிர்வு பெட்டிக்குள் போகாமல் நின்றது அதனால்தான்.

சத்தத்தைப் பற்றி என் வீட்டார் நேர்மையாகச் சொன்ன கருத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். சின்னச் சக்கரத்தை வேகமாகச் சுற்றுவதா, பெரிய சக்கரத்தை மெதுவாகச் சுற்றுவதா என்று நான் தயங்கியபோது முடிவைத் தந்தது அவர்கள் காதுதான். ஒரே ப்ளோயரின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபெல் குறையும். பெரிய சக்கரம் மெதுவாகச் சுற்றியே வேண்டிய அழுத்தத்தைத் தந்துவிடும். நீண்ட தூரத்து மெல்லிய சிக்னலைக் கேட்க உட்காருபவருக்கு இது வசதிக்காகச் செய்யும் காரியம் அல்ல, கேட்புத் திறனே இதில் அடங்கியிருக்கிறது.

தம்பி, பாதுகாப்புச் சர்க்யூட் போட்டுத் தந்தவனே, உனக்குத் தனி நன்றி. மோட்டாருக்கு மின்சாரம் போகிறது என்பதை வைத்துக் காற்று வருகிறது என்று முடிவு செய்யக் கூடாது என்பதில் நீ பிடிவாதமாக இருந்தாய். சக்கரத்தை அச்சோடு இறுக்கும் திருகு தளர்ந்தால் மோட்டார் சுற்றும், சக்கரம் நிற்கும். அதனால் காற்றுப்பாதையிலேயே அழுத்த ஸ்விட்ச் வைத்தாய். காற்று வராமல் ஹீட்டர் எரியாது, ஹீட்டர் எரிந்து மூன்று நிமிடம் ஆகாமல் ஆம்ப்ளிஃபையர் வேலை செய்யாது, அணைத்த பிறகும் ப்ளோயர் சில நிமிடம் ஓடிவிட்டே நிற்கும். இந்த வரிசையை யாரும் சுருக்காதீர்கள். காற்றில்லாமல் ஹீட்டர் மட்டும் எரிந்தாலே ட்யூபின் அடிப்பகுதி மூட்டுகளுக்கு ஆபத்து.

மலை மேலிருந்து 40 மீட்டர் அலைவரிசையில் பேசும் நண்பரே, உயரத்தை மறக்காதே என்று நினைவூட்டினீர்கள். 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 14 சதவீதம் குறைவு, அதே வெப்பத்துக்கு அதற்கேற்பக் கூடுதல் கன அளவு தள்ள வேண்டும். என் இருப்பிடத்துக்கு இது தேவைப்படவில்லை. மலைப்பகுதிக்காரர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, வெப்பநிலை காட்டும் பூச்சு கொடுத்தவருக்கு. கணக்கு, வளைகோடு, மனோமீட்டர் எல்லாம் சரியாக வந்த பிறகும், "ட்யூபையே கேட்டுவிடு" என்றீர்கள். 8877-இன் ஆனோடும் செராமிக் மூட்டுகளும் 250 டிகிரியைத் தாண்டக் கூடாது. நீங்கள் தந்த, 200 டிகிரியில் உருகும் பூச்சைத் தடவி, நீண்ட நேரம் தொடர்ந்து கேரியர் போட்டு, பிறகு உயர் அழுத்த மின்சாரத்தை அணைத்துக் கெபாசிட்டர்களைத் தரையோடு இணைத்துச் சக்தி இறக்கிய பின் மூடியைத் திறந்து பார்த்தோம். பூச்சு உருகவே இல்லை. அப்போது உங்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சி, அது ஏதோ உங்கள் சொந்த ட்யூப் என்பது போல இருந்தது.

அக்கா வரைந்த வளைகோடுகளைப் படி எடுத்து வைத்திருக்கிறேன். மனோமீட்டரைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, அடுத்துக் கட்டுபவருக்குக் கொடு என்று அதன் உரிமையாளர் சொல்லிவிட்டார். 4சிஎக்ஸ்250பி ட்யூப் இரண்டு வைத்து ஆறு மீட்டர் அலைவரிசைக்கு ஆம்ப்ளிஃபையர் தொடங்கியிருக்கும் இளம் நண்பர் முதலில் கேட்டிருக்கிறார், அவருக்குப் போகிறது. அதன் பிறகு யாருக்கு வேண்டுமோ சொல்லுங்கள். மூடியை மாட்டி அளக்க நானும் கூட வருகிறேன்.

எல்லோருக்கும் 73 (ரேடியோ வழக்கில் நல்வாழ்த்துகள்).