பெயரை எடுத்தால் மட்டும் போதாது

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள்; மஞ்சள் காட்டில் களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. அதையெல்லாம் நேரில் பேசலாம். உன் பனியன் கம்பெனிப் பெண்களிடம் எடுத்த உடல்நலக் கணக்குதான் என்னைத் தூங்கவிடவில்லை.

"பெயரை எடுத்துவிட்டுத்தானே வெளிநாட்டு வியாபாரிக்கு அனுப்புகிறேன்" என்கிறாய். வயதும் சொந்த ஊரும் பிரிவும் நோயும் அப்படியே இருக்கின்றனவே! செக்கிங்கில் வேலை செய்யும், ஒடிசாவிலிருந்து வந்த, 19 வயதுப் பெண் உன்னிடம் எத்தனை பேர்? ஒருத்திதான் என்றால், பட்டியலில் அவள் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

போன மாதம் எங்கள் ஊரில் மருத்துவ முகாம் நடத்தியவர்கள் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். பெயரே இல்லை. "பெண், 34, வடக்கு வளவு, காசநோய்." அந்த வளவில் அந்த வயதில் ஒருத்திதான். மறுநாள் காலை பால் ஊற்ற வந்தபோது அவளுடைய தூக்குப்போசியை வரிசையிலிருந்து தள்ளி வைத்துவிட்டார்கள். தலை குனிந்து அதை எடுத்துக்கொண்டு போனாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தார்கள்; பிறந்த தேதியும் ஆணா பெண்ணா என்பதும் அஞ்சல் எண்ணும் அப்படியே இருந்தன. லதான்யா ஸ்வீனி என்ற மாணவி 20 டாலருக்குக் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆளுநர் வில்லியம் வெல்ட் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அதில் ஆறு பேர், மூவர் ஆண்கள், அவருடைய அஞ்சல் எண்ணில் அவர் ஒருவரே. ஆளுநரின் நோய் விவரமே வெளிப்பட்டுவிட்டது.

உனக்கு வேண்டியது மொத்தக் கணக்குதானே? 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் காட்டிய வழி ஒன்று உண்டு. அதை எளிமையாக்கிச் சொல்கிறேன். ஒவ்வொரு பெண்ணும் யாருக்கும் காட்டாமல் காசைச் சுண்டட்டும். தலை விழுந்தால் "ஆம்" என்று எழுதட்டும். பூ விழுந்தால் உண்மையை எழுதட்டும். 200 பேரில் 130 "ஆம்" வந்தால், ஏறக்குறைய 100 காசு சொன்னது. மிச்சம் 30, உண்மை எழுதிய நூறு பேரில். ஆக, நூற்றுக்கு 30 பேருக்கு அந்த நோய். ஆனால் எந்தச் சீட்டைப் பிரித்தாலும், அந்த "ஆம்" அவளுடையதா காசினுடையதா என்று உன்னாலும் சொல்ல முடியாது. பத்துப் பேரிடம் இது பலிக்காது. உன்னிடம்தான் ஆள் இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அதுவரை அந்தப் பட்டியலை யாருக்கும் அனுப்பாதே.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை