பூட்டிய புல்தரைக் கதவைத் திறந்துவிடுங்கள்: குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பொதுக்கூடத்தில் நடைபெறும் குழந்தைகளின் பிறந்தநாள் விழாக்களுக்கென நீங்கள் அண்மையில் சுற்றறிக்கையாக அனுப்பிய விதிகளை இங்கே மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. அவை உங்கள் கையொப்பத்துடன் வந்தவை. அவை ஏன் வந்தன என்பதும் எனக்குத் தெரியும். சுவரில் கிறுக்கல், புல்தரையில் காகிதத் தட்டுகள், கேட்டால் பொறுப்பேற்க ஆளில்லாமை ஆகிய மூன்றும் உண்மை. அவற்றைப் பற்றிக் குழு கவலைப்பட்டது நியாயம். ஆனால், அந்தக் கவலைக்கு மருந்தாக, மாலை 6 மணி முதல் 9 மணி வரை மட்டுமே கூடம், சங்கம் ஒப்புதல் அளித்த விழா ஏற்பாட்டாளர் கட்டாயம், அவருடைய தொகுப்பாளரும் ஒலிபெருக்கியும் அதில் அடக்கம், புல்தரைக் கதவு பூட்டியே இருக்கும் என்று விதித்தபோது, விழாவுக்கு வரும் குழந்தைகள் எந்த வயதினர் என்பதைக் குழுவில் ஒருவரேனும் கேட்டிருப்பார்களா என்ற ஐயம் எனக்கு உண்டு.

அடுத்த மாதம் என் மகளுக்கு நான்கு வயது நிறைகிறது. நான் கேட்பது இதுதான்: காலை 10 மணி முதல் 12 மணி வரை, ஏற்பாட்டாளரும் ஒலிபெருக்கியும் இல்லாமல், புல்தரைக் கதவைத் திறந்து வைத்து, கூடத்தை எங்களிடம் தாருங்கள். எனக்கு மட்டுமன்றி, சிறு குழந்தைகளுக்கு எளிமையாக விழா எடுக்க விரும்பும் எல்லாக் குடும்பங்களுக்கும் இந்த வசதி வேண்டும்.

நான்கு வயதுக் குழந்தையின் விழாவுக்கு நான்கு வயதுக் குழந்தைகள் மட்டும் வருவதில்லை. அழைக்கப்பட்ட குழந்தை தன் கைக்குழந்தைத் தங்கையோடும் எட்டு வயது அண்ணனோடும்தான் வரும். அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது. குழந்தையின் வயதோடு ஒன்றைக் கூட்டி, அத்தனை விருந்தினர்களை மட்டும் அழைத்தால் போதும் என்று பெற்றோர் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ஒரு கணக்கு உண்டு. நானும் அந்தக் கணக்குப்படியே ஐந்து குழந்தைகளை அழைக்கவிருக்கிறேன். உடன்பிறந்தவர்களைச் சேர்த்தால், தவழும் குழந்தை முதல் ஒன்பது வயதுப் பையன் வரை கூடத்தில் இருப்பார்கள். இத்தனை வயதினருக்கும் பொதுவாக ஒரே நிகழ்ச்சியை, ஒரே குரலில், ஒரே நேரத்தில் நடத்த முடியும் என்பதுதான் உங்கள் விதிகளின் அடிப்படை நம்பிக்கை. அது எப்படி முடிகிறது என்பதைச் சென்ற மாதம் இதே கூடத்தில் கண்ணால் பார்த்தோம்.

அந்த விழாவில் தொகுப்பாளர் எல்லாக் குழந்தைகளையும் வட்டமாக நிற்கவைத்து, இசை நாற்காலி விளையாட்டைத் தொடங்கினார். ஆட்டத்தின் விதியே புரியாத மூன்று வயதுச் சிறுவன் ஒருவன், பாட்டு நின்றதும் எல்லோரும் ஓடுவதைப் பார்த்து, தானும் நின்ற இடத்திலேயே குதித்தான். முதல் சுற்றிலேயே அவன் வெளியேற்றப்பட்டான். ‘நீ அவுட், போய் அங்கே நில்’ என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. தான் செய்த தவறு என்ன என்பது அவனுக்கு விளங்கவில்லை; ஆனால் எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது நன்றாக விளங்கியது. ஆட்டம் முடியும்வரை அவன் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றான். அடுத்த சில சுற்றுகளில் அவன் வயதினர் எல்லோருமே அதே சுவருக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசியில் எட்டு வயதுப் பையன்கள் இருவர் ஒரு நாற்காலிக்காக மோதிக்கொள்ள, மற்ற குழந்தைகள் அனைவரும் விழாவுக்கு வந்து வேடிக்கை பார்த்தவர்களாக ஆனார்கள். நாற்காலிகள் குறையக் குறைய யாருக்கு அதிகமாக விளையாட்டுத் தேவையோ அவர்களே முதலில் விலக்கப்படும் ஓர் ஆட்டத்தை, வயது கலந்த குழந்தைக் கூட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தவர் சங்கம் ஒப்புதல் அளித்த ஏற்பாட்டாளர். புல்தரைக் கதவு திறந்திருந்தால் அந்தச் சுவரோரக் குழந்தைகள் வெளியே ஓடியிருப்பார்கள், அது பூட்டியிருந்தது.

சிறு குழந்தைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய செய்தியன்று. பள்ளிப் பருவத்துக்கு முந்தைய குழந்தைகளைக் கவனித்து மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்விலேயே, தனியாக விளையாடுவது, பிறர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, ஒருவர் அருகில் ஒருவர் அமர்ந்து தத்தம் விளையாட்டை விளையாடுவது, பிறகு சேர்ந்து விளையாடுவது என்ற வகைகள் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. இரண்டு வயதுக் குழந்தைகள் இருவர் அருகருகே அமர்ந்து, பேசாமல், ஆளுக்கொரு பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் அதுவே அவர்களுக்கு விழா. அவர்களை எழுப்பி வரிசையில் நிறுத்துவது பெரியவர்களின் அவசரம்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கென உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று முதல் இரண்டு வயதுவரையான குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதினருக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை. மாலை 6 மணிக்குத் தொடங்கும் விழாவில் 8 மணிக்கு முன் கேக் வெட்டப்பட்டதை நான் பார்த்ததில்லை. தூக்கமும் பசியும் ஒன்றாகச் சேரும் அந்த நேரத்தில் எந்தக் குழந்தையும் அழத்தான் செய்யும். அழும் குழந்தையை மகிழ்விக்கத் தொகுப்பாளர் ஒலியைக் கூட்டுவார். ஒலி கூடியதும் அடுத்த குழந்தையும் அழும். காலைத் தூக்கம் கலைந்து, வயிறு நிறைந்து, மதியத் தூக்கத்துக்கு இன்னும் நேரமிருக்கும் முற்பகல் இரண்டு மணி நேரமே இந்த வயதினர் பிறரோடு பழகுவதற்கு ஏற்ற பொழுது. அழைப்பிதழில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் அச்சிட்டுவிட்டால், வரும் பெற்றோரும் அதற்கேற்பத் தங்கள் நாளை அமைத்துக்கொள்வார்கள்.

புல்தரை பூட்டப்பட்டதற்குச் ‘சிறு குழந்தைகளின் பாதுகாப்பு’ என்று சுற்றறிக்கையில் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். மிக்க நன்றி. அந்தப் பாதுகாப்பு கூடத்துக்குள் எவ்வாறு பேணப்பட்டது என்பதையும் தயவுசெய்து கேளுங்கள். ஏற்பாட்டாளர் கட்டிய பலூன் வளைவிலிருந்து பலூன்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. வெடித்த ரப்பர்த் துண்டுகள் தரையெங்கும் கிடந்தன. அதே தரையில் ஒரு வயதுகூட நிறையாத குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. ரப்பர்ப் பலூனின் துண்டு தொண்டையின் வடிவத்துக்கேற்ப வளைந்து படிந்துவிடுவதால் அதை வெளியேற்றுவது கடினம். அமெரிக்காவில் விற்கப்படும் பலூன் பொட்டலங்களில், ஊதாத அல்லது உடைந்த பலூன்களால் எட்டு வயதுக்குட்பட்டோருக்கு மூச்சடைப்பு நேரலாம் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது அங்கே சட்டம். விடைபெறும்போது எல்லா வயதினருக்கும் ஒரே பரிசுப் பை தரப்பட்டது. அதற்குள் மின்னும் மோதிரம் ஒன்று இருந்தது. அதன் மூடியை நகத்தால் நெம்பினாலே உள்ளிருந்த பொத்தான் பேட்டரி வெளியே வந்து விழுந்தது. அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் உண்டாகலாம். கொறிப்பதற்கென ஒரே கிண்ணத்தில் வைக்கப்பட்ட வறுத்த கடலையையும் சோளப்பொரியையும் பற்றி நான் தனியாகச் சொல்லவில்லை. நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு இரண்டையும் தரக்கூடாது என்பதைத் தாய்மார்கள் எல்லோரும் அறிவார்கள். புல்லில் விழுந்தால் முழங்கால் சிராய்க்கும். அவ்வளவுதான்.

மாறாக, நாங்களே நடத்தும் விழாவில் என்ன நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். பெரிதாக ஒன்றும் நடக்காது. அதுதான் அதன் சிறப்பு. ஒரு மூலையில் தடித்த விரிப்பைப் போட்டுக் கைக்குழந்தைகளுக்கென ஒதுக்கிவிடுவோம். பெரிய பிள்ளைகள் அந்த எல்லையைத் தாண்டி ஓடக்கூடாது என்பது மட்டுமே அன்றைய கண்டிப்பான விதி. நீளமான காகிதச் சுருளைத் தரையில் விரித்து, நாற்புறமும் ஒட்டி, தண்ணீரில் அழியும் வண்ணக்கட்டிகளைப் போட்டுவிட்டால் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரை எல்லோரும் ஒரே காகிதத்தில் குனிவார்கள். ஒருவர் கோடு கிழிப்பார், ஒருவர் ரயில் வரைவார், யாரும் தோற்கமாட்டார்கள். காலி அட்டைப்பெட்டிகள் சில இருந்தால் போதும். அவை வீடாகும், பேருந்தாகும், கடைசியில் கிழிந்து குப்பையாகும். புல்தரையில் சோப்புக் குமிழி ஊதுவோம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குச் சலிப்பு வராமலிருக்க ஒரு பொறுப்பைக் கொடுப்பேன்: பொம்மைகளைப் புதர்களுக்கு அருகில், சின்னவர்களின் கண்மட்டத்திலேயே ஒளித்துவைத்து, அவர்களைக் கைபிடித்து அழைத்துப்போய்க் கண்டுபிடிக்கவைப்பது அவர்கள் வேலை. போட்டியில் அடித்துக்கொள்ளும் அதே பிள்ளைகள், பொறுப்பைக் கொடுத்தால் எவ்வளவு பொறுமையாக நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பார்த்தால் வியப்பீர்கள். விளையாட்டில் சேர விரும்பாத குழந்தை தாயின் மடியிலேயே இரண்டு மணி நேரமும் அமர்ந்திருக்கலாம். அதை யாரும் பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரையும் உட்காரவைத்துச் சாப்பாடும் கேக்கும் கொடுத்துவிடுவோம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கி வைப்போம். மீதி நேரம் மீண்டும் புல்தரை. இதில் எந்த இடத்தில் ஒலிபெருக்கி தேவைப்படுகிறது என்பதைக் குழு எனக்குச் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொன்னால், பிறந்தநாள் விழா எப்போதோ குழந்தைகளின் கையைவிட்டுப் போய்விட்டது. கண் கூசும் விளக்கின்முன் மூன்று வயதுக் குழந்தையை நிறுத்தி, ‘இன்னும் ஒருமுறை சிரி’ என்று அதட்டி, அது அழுததும் ‘இன்று பார்த்து ஏன் இப்படிப் படுத்துகிறது’ என்று அலுத்துக்கொள்ளும் பெரியவர்களின் விழாவாக அது ஆகிவிட்டது. பின்னணித் திரையின் நிறத்துக்கேற்ப விருந்தினர் உடையணிய வேண்டும் என்ற அழைப்பும் வருகிறது. தவழும் குழந்தைக்கும் அந்த நிறத்தில் உடை தேடி அலைகிறோம். போகிற போக்கில், அழுத குழந்தைகளுக்கு அபராதம் விதிக்கும் விதியையும் அடுத்த சுற்றறிக்கையில் சேர்த்துவிட்டால் ஏற்பாட்டாளரின் வேலை இன்னும் எளிதாகும். இவையெல்லாம் குழுவின் குற்றமல்ல என்பதை நான் ஏற்கிறேன். ஆனால், இந்தப் போக்கிலிருந்து விலகி எளிமையாக நடத்த விரும்பும் குடும்பத்துக்கும் வேறு வழி இல்லாமல் செய்தது குழுவின் விதி. கோபத்தில் சற்று நீண்டுவிட்டேன், பொறுத்தருள்க.

ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வும், தன் வயதுக்கேற்ற விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. ‘வயதுக்கேற்ற’ என்ற அந்த நிபந்தனையை ஓர் உலக உடன்படிக்கையால் நினைவில் வைத்துக்கொள்ள முடிந்திருக்கும்போது, நம் சுற்றறிக்கையாலும் முடிந்திருக்க வேண்டும்.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: முற்பகல் 10 முதல் 12 வரை, ஏற்பாட்டாளரும் ஒலிபெருக்கியும் இல்லாமல், புல்தரைக் கதவைத் திறந்து வைத்து, கூடத்தைத் தாருங்கள். உங்கள் கவலைகளுக்கு என்னால் இயன்ற உறுதிகளையும் தருகிறேன். கூடத்துக்கான முன்பணத்தை வழக்கம்போல் செலுத்துகிறேன். சுவரில் ஒரு கோடு விழுந்தாலும் அதிலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். புல்தரையின் வெளிவாயிலில் விழா முடியும்வரை பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். யார் எந்த நேரம் நிற்பது என்று எழுதி முன்கூட்டியே உங்களிடம் கொடுத்துவிடுகிறோம். தட்டும் காகிதமும் பொறுக்கி, தரையைத் துடைத்த பிறகு, செயலாளரோ அவர் அனுப்பும் ஒருவரோ பார்த்துச் சொன்ன பின்பே சாவியை ஒப்படைப்போம். விதியை முழுவதும் மாற்றக் காலம் தேவை என்றால், ஒரே ஒரு விழாவுக்குச் சோதனையாக அனுமதி தந்து, முடிந்ததும் கூடத்தின் நிலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். குழு உறுப்பினர்கள் அன்று வந்து அமர்ந்து பார்க்கவும் அன்போடு அழைக்கிறேன்; நாற்காலிகள் எல்லோருக்கும் போதுமான அளவு இருக்கும்.

வரும் குழுக் கூட்டத்தில் இம்மடலை எடுத்துக்கொண்டு, முடிவு எதுவாயினும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். நேரம் உறுதியான பிறகே அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்க முடியும்.

இப்படிக்கு,
நான்கு வயதை எட்டவிருக்கும் சிறுமியின் தாய்,
இக்குடியிருப்பில் வசிப்பவர்