பயிற்சி வார்டு வரைக்கும் போய் சேருதா? சங்கத்தோட இந்த வருஷ ஆண்டறிக்கை

பொதுக்குழுவுக்கு வந்திருக்கிற எல்லா உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஏற்காட்டுல இருந்து காலையில பஸ் பிடிச்சு இறங்கி வந்த சிஸ்டருங்களுக்கும், நைட் டூட்டி முடிச்சு வீட்டுக்குக் கூட போகாம நேரா இங்க வந்து உக்காந்திருக்கிற ஸ்டாஃப் நர்ஸுங்களுக்கும் தனியா ஒரு வணக்கம். எத்தன கூட்டம் நடந்துச்சு, யாரு தலைமை தாங்குனாங்க, யாருக்கு சால்வை போட்டோம்ங்கிறது எல்லாம் மினிட்ஸ் நோட்டுல இருக்கு, யாரு வேணா வாங்கி பாக்கலாம். இந்த அறிக்கையில நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். நர்ஸுங்களுக்கும் டாக்டருங்களுக்கும் நம்ம சங்கம் நடத்துற பயிற்சி, கத்துக்கிட்டு போறவங்க கையில எத்தன நாள் தங்குது, அது நோயாளிக்கு போய் சேருதா, இதத்தான் இந்த வருஷம் முழுக்க பேசுனோம், படிச்சோம், அதுக்கு ஏத்த மாதிரி நம்ம முறையையும் மாத்தியிருக்கோம்.

அதுக்கு முன்னாடி, நம்ம மூத்த உறுப்பினர் ஒருத்தங்கள இந்த வருஷம் இழந்துட்டோம். வாழ்நாள் பூரா நர்ஸிங் டியூட்டரா இருந்தவங்க. ஊசி போட, படுக்கையில இருக்கிற பேஷண்ட்ட திருப்பிப் படுக்க வைக்க அவங்ககிட்ட கத்துக்கிட்டவங்க இந்த ஹால்லயே நிறைய பேர் இருக்கோம். "கைய புடிச்சு சொல்லிக் குடுக்காத பாடம் பாடமே இல்ல"ன்னு சொல்லிட்டே இருப்பாங்க. எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம்.

மாசம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் சேலம் அஸ்தம்பட்டியில நம்ம உறுப்பினர் ஒருத்தர் வீட்டு மாடியில வாசிப்புக் கூட்டம் தொடர்ந்து நடந்துச்சு. மருத்துவக் கல்வியப் பத்தியே ஆராய்ச்சி நடக்குதுங்கிறது நம்மள்ல பல பேருக்கு புதுசு, மருந்துக்கு ஆராய்ச்சி உண்டு, ஆபரேஷனுக்கு ஆராய்ச்சி உண்டு, ஆனா எப்படி சொல்லிக் குடுத்தா நர்ஸும் டாக்டரும் நல்லா கத்துக்குவாங்கன்னு பாக்கிறதும் ஒரு தனித் துறையா பல வருஷமா வளர்ந்துட்டு இருக்கு. நம்ம பிள்ளைங்க ஆஸ்கின்னு (OSCE) சொல்லி பயப்படுற, ஒவ்வொரு மேசையா போய் செஞ்சு காட்டுற அந்தப் பரிட்சைய ரொனால்ட் ஹார்டன் ஸ்காட்லாந்துல இருக்கிற டண்டீயில பண்ணிப் பார்த்து எழுதுனது 1975ல. ஜார்ஜ் மில்லர்னு ஒருத்தர் 1990ல ஒரு நாலு படி சொன்னாரு: விஷயம் தெரியும், எப்படி செய்யணும்னு தெரியும், செஞ்சு காட்ட முடியும், வேலையில நிஜமா செய்றாங்க. நாம இதுவரைக்கும் குடுத்த சர்டிபிகேட் எல்லாம் மிஞ்சிப் போனா மூணாவது படி வரைக்கும்தான் சாட்சி சொல்லும். பேஷண்ட்டுக்கு வேண்டியது நாலாவது படி.

இந்த வருஷம் எங்க எல்லாரையும் உலுக்குனது தான்சானியாவுல ஹேடம்ங்கிற கிராமத்து ஆஸ்பத்திரியில நடந்த வேலை. பொறந்த உடனே மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிஷத்துக்குள்ள என்ன செய்யணும், அதாவது துடைக்கிறது, முதுக தேய்ச்சு விடுறது, அப்பவும் மூச்சு வரலன்னா பேக் அண்ட் மாஸ்க், அதாவது மூக்கையும் வாயையும் மூடுற மாஸ்க்கோட கையால அமுக்குற காத்துப் பைய வச்சு காத்து குடுக்கிறது, இதுக்கு ஒருநாள் பயிற்சி ஒண்ணு இருக்கு, 2010ல இருந்து உலகம் பூரா போனது. ஹேடம்லயும் அத குடுத்தாங்க. பயிற்சி முடிஞ்சதும் குழந்தை மாதிரி செஞ்ச பயிற்சி பொம்மைல எல்லாரும் முன்ன விட பிரமாதமா செஞ்சு காட்டுனாங்க. ஆனா லேபர் வார்டுல நிஜக் குழந்தைங்கள பாக்கிற விதத்துல பெருசா எதுவும் மாறலன்னு அவங்களே 2013ல வெளிப்படையா எழுதிட்டாங்க. அதோட விட்டுடல. அடுத்து, வாரா வாரம் மூணுல இருந்து அஞ்சு நிமிஷம், வேலை செய்யிற இடத்துலயே, அதே பொம்மைய வச்சு ஒரு சின்ன பிராக்டிஸ், மாசத்துக்கு ஒருக்கா கொஞ்சம் நீளமான மறுபயிற்சின்னு ஆரம்பிச்சாங்க. பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள சாகிற குழந்தைங்க ஆயிரத்துக்கு சுமார் 11ன்னு இருந்தது சுமார் 7க்கு எறங்கிருச்சு, இது 2015ல வந்த கட்டுரை. முன்ன பின்ன ஒப்பிட்ட ஆய்வுங்கிறதால வேற காரணமும் சேர்ந்திருக்கலாம்னு நம்ம குழந்தை நல டாக்டர் எச்சரிச்சாரு, அதுவும் நியாயம்தான். ஆனாலும் அன்னைக்கு ராத்திரி கூட்டம் கலைய ரொம்ப நேரமாச்சு, ஏன்னா நாம வருஷம் பூரா பேனர் கட்டி, குத்துவிளக்கு ஏத்தி, மத்தியானம் சாப்பாடு போட்டு நடத்திட்டு இருந்தது அந்த முதல் வகை பயிற்சியத்தான்.

கையில பழகுன வேலை மாசக்கணக்குல மங்கிப் போகும்ங்கிறது புதுசா கண்டுபிடிச்சது இல்ல, நெஞ்ச அமுக்கி உயிர் குடுக்கிற சிபிஆர் கூட பயிற்சி முடிஞ்ச சில மாசத்துலயே தரம் குறைய ஆரம்பிக்கும்னு பல ஆய்வு சொல்லுது. செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறை வச்சிருக்கிற குடும்பத்துல இருந்து வந்த நம்ம பார்மசிஸ்ட் தம்பி ஒண்ணு சொன்னாரு, பட்டறையில யாரும் புதுப் பையனுக்கு ஒருநாள் வகுப்பு எடுத்து சர்டிபிகேட் குடுக்கிறதில்ல, பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொரு பத்தவைப்பையும் பார்த்து பார்த்துத்தான் கைய திருத்துவாங்கன்னு. அதுக்கு மேல யாருக்கும் விளக்கம் தேவப்படல.

அதனால செயற்குழு முடிவு பண்ணி ஒருநாள் முகாம்கள நிறுத்திட்டோம். அதுக்குப் பதிலா ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில நமக்கு அனுமதி கிடைச்ச இடங்கள்லயும் கீழ சில இடங்கள்லயும் ஷிப்ட் மாறுற நேரத்துல அஞ்சு நிமிஷ பிராக்டிஸ் கொண்டு வந்தோம். ஒரு பொம்மை, ஒரு பேக், ரெண்டு சைஸ் மாஸ்க், அவ்வளவுதான். டூட்டி முடிஞ்சு போற சிஸ்டர் செஞ்சு காட்டணும், டூட்டிக்கு வர்ற சிஸ்டர் பார்த்து சொல்லணும், மாஸ்க் ஓரத்துல காத்து கசியுதா, நெஞ்சு ஏறி எறங்குதா, தலை சரியான வாகுல இருக்கா. முதல்ல "நாங்க இருவது வருஷ சர்வீஸ், எங்களுக்கு எதுக்கு பொம்மை"ன்னு சில பேருக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்படிக் கேட்ட அதே அக்காதான் பிற்பாடு பேக அமுக்குறதுல மட்டும் கவனம் இருந்தா நெஞ்சு ஏறாததே கண்ணுக்குத் தெரியாதுன்னு புதுசா வந்த பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்துட்டு இருக்காங்க. மலை மேல இது ஏன் முக்கியம்னா, கீழ ஜிஹெச்சுக்கு வரணும்னா 20 கொண்டை ஊசி வளைவு எறங்கணும், பல ஊர்ல இருந்து மெயின் ரோட்டுக்கு வர்றதே தனிப் பயணம், மழையில மரம் விழுந்தா சொல்லவே வேண்டாம். மூச்சு வராத குழந்தை அதுவரைக்கும் காத்திருக்காது. அங்க இருக்கிற கைதான் செய்யணும்.

பிரசவத்துக்குப் பிறகு வர்ற ரத்தப்போக்குக்கும் இதே மாதிரி ஒரு பயிற்சி வச்சோம். பீட்ரூட் தண்ணிய அளந்து பாய்லயும் பழைய சேலையிலயும் ஊத்தி, எவ்வளவு இருக்கும்னு சொல்லச் சொன்னோம், அநேகமா எல்லாருமே குறைச்சுத்தான் சொன்னாங்க, டாக்டருங்களும் சேர்த்துத்தான். கண்ணால அளக்கிறது ஏமாத்தும்னு உலகம் பூரா தெரிஞ்ச விஷயம். 2023ல வந்த இ-மோட்டிவ் ஆய்வுல கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாலு நாட்டுலயும் சேர்த்து 80 ஆஸ்பத்திரி, அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்ப பிரசவம் முடிஞ்சதும் அடியில போட்டு, ரத்தம் கோட்டத் தாண்டுச்சுன்னா செய்ய வேண்டிய எல்லாத்தையும் ஒண்ணா உடனே ஆரம்பிக்கப் பழக்குனாங்க. அதிக ரத்தப்போக்கு கண்டுபிடிக்கப்பட்டது வழக்கமான முறையில 51%, இந்த முறையில 93%. ரொம்ப ஆபத்தான விளைவுகள் 60% குறைஞ்சது. விரிப்பும் வேணும், பழக்கமும் வேணும், ஒண்ணு இருந்து ஒண்ணு இல்லாட்டி பிரயோஜனம் இல்ல.

பாம்புக்கடி பத்தி எஸ்டேட் பகுதியில கேட்டுட்டே இருந்தாங்க. காபித் தோட்டத்துல மிளகு பறிக்கிற சீசன்ல, சருகு கூட்டுறப்ப கடி வாங்கி வர்றவங்க உண்டு. நாம ஒரே ஒரு விஷயத்த எடுத்துக்கிட்டோம், 20 நிமிஷ ரத்தம் உறையுற டெஸ்ட். சுத்தமான, காஞ்ச, கண்ணாடி டியூப்ல ரெண்டு மில்லி ரத்தம், 20 நிமிஷம் ஆட்டாம அசைக்காம வச்சுட்டு ஒருதடவ சாய்ச்சுப் பாக்கணும், தண்ணியா ஓடுனா விஷம் ரத்தத்துல ஏறியிருக்கு. கேக்க சுலபம், ஆனா பிளாஸ்டிக் டியூப்ல எடுத்தாலோ, சோப்புத்தூள் போட்டு கழுவுன டியூப்னாலோ, நடுநடுவுல ஆட்டிப் பார்த்தாலோ ரிசல்ட் தப்பா வரும். லெக்சர்ல இத நாம எல்லாரும் கேட்டிருக்கோம். கையில டியூப குடுத்து, கடிகாரத்த வச்சு செய்ய வச்சப்பத்தான் எங்க எங்க தடுமாறுதுன்னு தெரிஞ்சுது.

இப்ப, நம்ம சங்கத்துல பெரிய வாக்குவாதம் கிளப்புன ஒரு ஆய்வையும் மறைக்காம சொல்லணும். உத்தரப்பிரதேசத்துல 120 ஆரம்ப நிலை மையங்கள்ல உலக சுகாதார நிறுவனத்தோட பிரசவ செக்லிஸ்ட்ட வச்சு நடத்துன பெட்டர்பர்த் ஆய்வு, 2017ல வந்தது. செக்லிஸ்ட்ட குடுத்துட்டுப் போயிடாம, பயிற்றுநர் திரும்பத் திரும்ப வந்து கூடவே நின்னு சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு மாசத்துல பாக்கிறப்ப செய்ய வேண்டிய வேலைகள்ல 72.8% நடந்துச்சு, பயிற்றுநர் போகாத மையங்கள்ல 41.7%தான். பயிற்றுநர் வர்றது நின்னு போன பிறகு, 12 மாசத்துல பார்த்தா 61.7%க்கு எறங்கிருச்சு. ஆனா தாய், சேய் சாவும் தாய்க்கு வந்த பெரிய பாதிப்பும் சேர்த்துப் பார்த்தா ரெண்டு பக்கமும் வித்தியாசமே இல்ல. "அப்ப நாம எதுக்கு மலை ஏறி எறங்கிட்டு இருக்கோம்"னு ஒரு உறுப்பினர் கோவமாவே கேட்டாங்க. என்னோட கருத்து இதுதான். பயிற்சி அவசியம், அது மட்டும் போதாது. பிளட் இல்ல, அனுப்ப வண்டி இல்ல, அனுப்புற பெரிய ஆஸ்பத்திரியில சிசேரியன் பண்ண ஆள் இல்லன்னா நர்ஸ் எவ்வளவு சுத்தமா கை கழுவுனாலும் அந்த உயிர காப்பாத்த முடியாத கட்டம் வரும். அதனால பயிற்சிக்கு போற எடத்துல எல்லாம் மாஸ்க் கிழிஞ்சிருக்கா, ஆக்ஸிஜன் இருக்கா, ராத்திரி யாருக்கு போன் பண்ணணும்னு சுவத்துல எழுதியிருக்கான்னு பார்த்து, குறைய எழுத்துல குடுக்கிறதையும் இந்த வருஷத்துல இருந்து நம்ம வேலையா சேர்த்துக்கிட்டோம்.

மனசு தளரக் கூடாதுன்னு அடுத்த கூட்டத்துல மகாராஷ்டிராவுல கட்சிரோலிய படிச்சோம். அபய் பங், ராணி பங் தம்பதி பழங்குடி மக்கள் நிறைய வாழ்ற அந்தப் பகுதியில 39 கிராமத்துல, அந்தந்த ஊர்ப் பொண்ணுங்களுக்கே பச்சக்குழந்தைய வீட்டுல வச்சு பாத்துக்க சொல்லிக் குடுத்தாங்க, எடை போடுறது, சூடா வச்சுக்கிறது, தாய்ப்பால், சீழ்த்தொற்று அறிகுறிய கண்டுபிடிச்சு மருந்து குடுக்கிறது வரைக்கும். பச்சக்குழந்தை சாவு 62% குறைஞ்சதா 1999ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. நாடு முழுக்க ஆஷா பணியாளருங்க வீடு தேடிப் போய் பச்சக்குழந்தைய பாக்கிற திட்டம் 2011ல வந்ததுக்கு இதுதான் வேர். அங்கயும் பயிற்சி ஒருநாளோட முடியல, மேற்பார்வைக்கு ஆள் திரும்பத் திரும்ப ஊருக்கே போனாங்க. நம்ம சேர்வராயன் மலையில மலையாளிங்கிற பழங்குடி சமூகத்துப் பிள்ளைங்க இப்ப நர்ஸிங் படிக்க வர்றாங்க, அந்தப் பிள்ளைங்க அவங்க ஊர்லயே வேலை பாக்குறப்ப தாய்மாருங்க தயக்கமில்லாம பேசுறாங்கன்னு நம்ம வி.எச்.என். (கிராம சுகாதார நர்ஸ்) சிஸ்டருங்க சொல்றது எனக்கு பெரிய நம்பிக்கையா இருக்கு.

மருத்துவ மாணவர்களப் பத்தியும் ரெண்டு வார்த்தை. 2019 பேட்ச்ல இருந்து எம்பிபிஎஸ் பாடத்திட்டம் திறன் அடிப்படைக்கு மாறிருச்சு, முதல் வருஷத்துலயே பேஷண்ட்ட பாக்கணும், பேசுற விதத்துக்கும் நெறிமுறைக்கும் தனி வகுப்பு, அப்புறம் ஒவ்வொரு மாணவரும் கிராமத்துல சில குடும்பங்கள தத்து எடுத்து தொடர்ந்து பாத்துக்கணும்னு தேசிய மருத்துவ ஆணையம் கொண்டு வந்திருக்கு. 1946லயே ஜோசப் போர் (Bhore) தலைமையில அமைஞ்ச சுகாதாரக் கமிட்டி, டாக்டர் சமூகத்தோட டாக்டரா இருக்கணும்னு எழுதுனது இப்பத்தான் வீட்டு வாசல் வரைக்கும் வருது. 1986ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் நம்ம சேலம். குடும்பம் பாக்க வர்ற மாணவருங்க கூட நம்ம ரிட்டயர்டு நர்ஸுங்க போய் வழிகாட்டணும்னு ஆசைப்படுறோம், லாக்புக்ல கையெழுத்து வாங்குறதுக்கு ஒருதடவ போய்ட்டு வர்றதா அது சுருங்கிடக் கூடாது.

பயிற்சி முடிவுல நாம வாங்குற கருத்துப் படிவத்தையும் மாத்திட்டோம். எல்லாத்துலயும் "மிக நன்று, சாப்பாடு அருமை"ன்னுதான் இருக்கும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959லயே சொல்லிட்டாரு, பிடிச்சிருந்ததாங்கிறது முதல் படிதான், கத்துக்கிட்டாங்களா, வேலையில செய்றாங்களா, அதனால பலன் வந்துச்சாங்கிறது மீதி மூணும்னு. இனிமே பயிற்சி முடிஞ்சு சில மாசம் கழிச்சு நேர்ல போய் செய்யச் சொல்லிப் பாக்கிறதுதான் நம்ம கணக்கு. யாருக்கும் மார்க் போட இல்ல, எங்க நழுவுதுன்னு தெரிஞ்சு அங்கயே சரி பண்ண.

வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாங்க. மண்டப வாடகையும் பேனர் செலவும் குறைஞ்சிருக்கு, வண்டி செலவு ஏறியிருக்கு, இது நாமளா எடுத்த முடிவு. பொம்மையும் மாஸ்க்கும் வாங்க பணம் குடுத்த உறுப்பினர்களுக்கும், அவங்க ஜீப்ப குடுத்து உதவுன எஸ்டேட் குடும்பத்துக்கும், தூக்கத்த விட்டுட்டு கட்டுரைய தமிழ்ல சுருக்கி எழுதிக் குடுத்த ஹவுஸ் சர்ஜன் பிள்ளைங்களுக்கும் சங்கத்தோட மனமார்ந்த நன்றி.

பொதுக்குழு முன்னாடி ரெண்டு தீர்மானம் வைக்கிறேன். ஒண்ணு, அஞ்சு நிமிஷ பிராக்டிஸ அடுத்த வருஷமும் நிறுத்தாம நடத்துறதுக்கு ஒவ்வொரு இடத்துக்கும் அங்க வேலை பாக்கிற ஒரு சிஸ்டரயே பொறுப்பாளரா போடணும், நாம கீழ இருந்து போனாத்தான் நடக்கும்ங்கிற நிலைமை மாறணும். ரெண்டாவது, குப்பனூர் வழியா போற பக்கத்து ஊருங்களுக்கு இன்னொரு செட் பொம்மையும் பேக்கும் வாங்க நிதி ஒதுக்கணும். கைய தூக்கி ஒப்புதல் குடுக்கச் சொல்லி கேட்டுக்கிறேன், மாத்துக் கருத்து இருக்கிறவங்க இப்பவே எழுந்து சொல்லுங்க, மினிட்ஸ்ல எழுதிக்கிறோம்.